மாட்டை விற்றுவிடலாமா என்று கேட்ட அப்பாவுக்கு...

இந்தப் பத்திரிகைக்கு வரும் கேள்விகளில் பயிர் சம்பந்தப்பட்டவற்றைத் தனியாகப் பிரித்து எனக்கு அனுப்பிவைப்பார்கள். போன மாதம் வந்த கட்டில், கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கத்துக்கு எழுதிய ஒரு கடிதம் இருந்தது.

முதல் பக்கம் முழுக்க நிலக்கடலை. விதைத்து முப்பது நாள் ஆகிறது, கொழுந்து இலையெல்லாம் மஞ்சளாகி வெளுத்துப்போகிறது, பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார் என்று யூரியா போட்டேன், பச்சை திரும்பவில்லை, அடுத்து என்ன போடலாம் என்று கேட்டிருந்தார். வாரத்துக்கு நாலு பேராவது கேட்கும் கேள்விதான். பதிலை மனதுக்குள் சொல்லிக்கொண்டே தாளைத் திருப்பினேன்.

பின்பக்கத்தில் இப்படி இருந்தது:

"இன்னொரு கேள்வி. இதை உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. பையன் ஏழாவது படிக்கிறான். இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறோம். காலையில் அவன்தான் கன்று பிடிப்பான், சாணி அள்ளுவான், சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறுவான். ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். தினமும் காலையில் வயிற்றுவலி. ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அடித்துக் கேட்டதில், கிளாசில் எல்லோரும் தன்னைச் சாணி என்று கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறார்கள் என்றான். மாட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆலோசனை சொல்லவும்."

நிலக்கடலைக்கு ஒரு நிமிடத்தில் பதில் எழுதலாம். பின்பக்கத்துக்கு எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. நான் மனநல மருத்துவரோ ஆசிரியரோ இல்லை. படித்தது வேளாண்மை, பார்க்கிற வேலையும் அதுதான். 'இது என் பிரிவு இல்லை' என்று எழுதி ஆசிரியர் குழுவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். என் வீட்டில் நடந்த ஒரு விஷயம் அப்படி அனுப்ப விடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டில் நடந்தது

பல வருடங்களுக்கு முன், கல்வி ஆண்டின் நடுவில் எனக்கு மாறுதல் வந்தது. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போனோம். மகன் அப்போது எட்டாவது. அவனுக்குப் பேச்சில் லேசாகத் திக்கல் உண்டு. பழைய பள்ளியில் ஒன்றாவதிலிருந்து கூடப் படித்தவர்கள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. புதுப் பள்ளியில் யாருக்கும் அவனைத் தெரியாது.

சேர்ந்த மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் ராத்திரி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நான் பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"அப்பா, கிளாஸ்ல பசங்க என்னை மாதிரியே பேசிக் காட்டுறாங்கப்பா."

நான் தலையை நிமிர்த்தவில்லை. "அதையெல்லாம் கண்டுக்காத. ஆம்பளப் புள்ளதானே, திருப்பி ஒண்ணு போடு, அடங்கிடுவானுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் முழுக்க அவன் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பியது. என் மனைவிதான் கவனித்தாள். வெயில் ஏறியதும் சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று அழுதான். டாக்டர், "பையன் தண்ணியே குடிக்கிறதில்லை, அதான்" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு பேருமாகத் திட்டினோம். எந்தப் பயிருக்கு எந்தப் பருவத்தில் தண்ணீர் தப்பக் கூடாது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவன் நான். என் பிள்ளை ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'குடி, குடி' என்று மட்டும் சொன்னேன்.

ஆறேழு வருடம் கழித்து, கல்லூரியிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்தான். கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தப் பள்ளியில் அவன் கழிவறைக்குள் போனால் நாலு பேர் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவார்களாம். 'திக்காமல் திறங்கடான்னு சொல்லு, திறக்கிறோம்' என்பார்களாம். ஒரு நாள் மதிய இடைவேளை முழுவதும் உள்ளேயே நின்றிருக்கிறான். அதற்குப் பிறகு பள்ளியில் இருக்கும் நேரத்தில் கழிவறைக்கே போவதில்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றால் தண்ணீர் குடிக்கக் கூடாது.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "ஏண்டா, அப்பவே எங்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"சொன்னேனேப்பா" என்றான்.

குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த ராத்திரி நான் தூங்கவில்லை.

மஞ்சள் ஒன்று, காரணம் வேறு

நிலக்கடலைக்கு வருகிறேன். ஒரு செடி மஞ்சளானால் நாம் முதலில் என்ன பார்க்கிறோம்? அடி இலை மஞ்சளா, கொழுந்து மஞ்சளா என்று பார்க்கிறோம். தழைச்சத்துக் குறைந்தால் செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துப் புது இலைக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் கொழுந்துதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரண்டும் மஞ்சள்தான். இரண்டாவதற்கு யூரியா போட்டால் காசுதான் வீண், பச்சை வராது.

வயலில் இதை விளங்கிக்கொள்கிற நாம், பிள்ளை விஷயத்தில் பார்த்த மாத்திரத்தில் யூரியாவைத் தூக்கிவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்குக் கிடைக்கும் பதில் மூன்றே மூன்றுதான்.

முதல் பதில், 'கண்டுக்காத.' கண்டுகொள்ளாமல் இருக்க முடிந்தால் அவன் வந்து சொல்லியே இருக்க மாட்டான். இந்தப் பதிலில் பிள்ளைக்குக் கேட்பது, 'உன் வலி எனக்குப் பெரிசில்லை' என்பதுதான்.

இரண்டாவது, 'திருப்பி அடி.' எதிரே நாலு பேர், இவன் ஒருத்தன். அடிக்கத் தெம்பு இருந்தால் முன்பே அடித்திருப்பான். இப்போது அவனுக்கு இரண்டு அவமானம். அங்கே அடி வாங்கியது ஒன்று, அப்பா சொன்னதைச் செய்ய முடியாமல் போனது இன்னொன்று.

மூன்றாவது, 'நீ என்ன பண்ணே? சும்மா இருந்தா ஏன் உன்னைச் சொல்றாங்க?' இதைக் கேட்ட பிள்ளை அடுத்த தடவை வாயே திறக்காது.

கடிதம் எழுதிய நண்பர், 'அடித்துக் கேட்டதில் சொன்னான்' என்று எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். வெளியில் அவமானப்பட்டு வரும் பிள்ளைக்கு வீட்டிலும் அடி விழுந்தால் அது எங்கே போகும்? வயிற்றுவலி நடிப்பு இல்லை. பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். நமக்கே கடன்காரர் வரும் நாளில் வயிறு கலக்குவதில்லையா?

பிள்ளை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே சில அறிகுறிகள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடும். திங்கட்கிழமை காலையில் தலைவலி, வயிற்றுவலி வரும், விடுமுறை நாளில் வராது. பேனா, ஸ்கேல், செருப்பு அடிக்கடி தொலையும். சட்டைப் பொத்தான் அறுந்திருக்கும். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அப்படியே திரும்பும். வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் வரும், அல்லது நடந்து வரும். தம்பி தங்கை மேல் காரணம் இல்லாமல் எரிந்து விழும். செல்போனைப் பார்த்ததும் முகம் மாறும். இதில் ஒன்று இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஓர் அம்மா செய்தது

என் வட்டாரத்தில் மகளிர் குழுவில் இருக்கும் ஓர் அம்மாவைச் சொல்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். மகள் ஒன்பதாவது. சனி ஞாயிறில் அம்மாவோடு நடவுக்கும் களை எடுக்கவும் போகும் பெண். ஒரு நாள் சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தவளை யாரோ ரோட்டிலிருந்து படம் எடுத்து, கூடப் படிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். நிறத்தைச் சொல்லியும் சேற்றைச் சொல்லியும் கிண்டல். மறுநாளிலிருந்து அவளோடு யாரும் பேசவில்லை. பெண் பிள்ளைகளிடம் இந்த மாதிரிதான் நடக்கும். அடி இருக்காது, ஒதுக்கி வைப்பார்கள். வெளியே ஒரு காயமும் தெரியாது.

மகள் முகத்தைப் பார்த்த அந்த அம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டி, "வா, ஆயலாம்" என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். கை வேலையில் இருந்தது, பார்வை கீரையில் இருந்தது. பாதிக் கீரை ஆய்வதற்குள் மகள் தானாகவே சொல்லத் தொடங்கிவிட்டாள். எதிரே நிறுத்தி 'என்னடி நடந்துச்சு, சொல்லு' என்று கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போது வரும். மாட்டுக்குப் புல் அறுக்கும்போதும், வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் போகும்போதும் பிள்ளைகள் மனசு திறப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னது மூன்று வாக்கியம். "இதுல உன் தப்பு எதுவும் இல்ல. எங்கிட்ட சொன்னியே, அது போதும். உன்னைக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்." மூன்றாவது வாக்கியம் ரொம்ப முக்கியம். 'அம்மா போய்க் கத்திவிட்டு வந்தால் நாளைக்கு இன்னும் மோசமாகும்' என்ற பயத்தில்தான் பாதிப் பிள்ளைகள் சொல்லாமல் இருக்கிறார்கள்.

அடுத்த நாள் மகளையே எழுதவைத்தார். என்ன தேதி, யார், எங்கே, என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள் என்று ஒரு பக்கம். அந்தப் படத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு குழுத் தலைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். முதலில் வகுப்பு ஆசிரியை, பிறகு தலைமை ஆசிரியர். புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொண்டார். சண்டை போடவில்லை. மூன்று கேள்வி கேட்டார். 'என் பிள்ளை நாளையிலிருந்து எங்கே, யார் பக்கத்தில் உட்காரும்? மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பஸ் ஏறும் நேரத்திலும் யார் பார்த்துக்கொள்வார்கள்? நான் மறுபடி என்றைக்கு வந்து கேட்கட்டும்?' மூன்றாவது கேள்விக்கு ஒரு தேதி சொன்னார்கள். அந்தத் தேதியில் சரியாகப் போய் நின்றார்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். இரண்டு தரப்பையும் ஒரே அறையில் நிறுத்தி, 'கை குடுங்க, சமாதானமாப் போங்க' என்று சொல்லவேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு பேர் போட்ட சண்டை என்றால் சமாதானம் பேசலாம். பலர் சேர்ந்து ஒருத்தியைத் தொடர்ந்து நசுக்கினால் அது சண்டை இல்லை. அவளை அவர்கள் எதிரே நிறுத்துவது இன்னொரு தண்டனை.

ஆசிரியை ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். பெற்றோர் முன்னிலையில் படம் அழிக்கப்பட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பழைய தோழிகள் இரண்டு பேர் கடைசி வரை அவளோடு பேசவில்லை. ஆனால் வேறு ஒரு பெண் தானாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு துணை கிடைத்தாலும் ஒரு பிள்ளையால் பள்ளிக்கூடம் போக முடியும்.

கை ஓங்கினால் எங்கே போய் நிற்கும்

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் பார்த்திருக்கிறேன். மகனை அடித்த பையனை பஸ் நிறுத்தத்திலேயே பிடித்து அறைந்தார் ஓர் அப்பா. ராத்திரிக்குள் அது இரண்டு தெருவின் சண்டையானது, மறுநாள் இரண்டு சாதியின் சண்டையானது. கடைசியில் ஊரை விட்டுத் தூரத்துப் பள்ளிக்குப் போனது அந்தப் பையன்தான்.

நம் ஊர்ப் பள்ளிகளில் கிண்டலுக்குப் பின்னால் பல நேரம் சாதி ஒளிந்திருக்கிறது. அதைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாக இருக்காது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். உடன் படிப்பவர்கள் தொந்தரவு செய்கிறார்கள் என்று பள்ளியில் சொன்ன ஒரு பட்டியலின மாணவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு ஆகியவற்றோடு மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. உங்கள் பிள்ளையைச் சாதி சொல்லித் திட்டினாலோ மிரட்டினாலோ அதை 'சின்னப் பசங்க விளையாட்டு' என்று விடக் கூடாது, புகாரில் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். மிரட்டல் இருந்தால், புகார் கொடுப்பதோடு பிள்ளையின் பாதுகாப்பையும் கேளுங்கள். போக வர யாராவது கூடப் போகட்டும். தேவைப்பட்டால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள்.

இந்த வார்த்தை எங்கே முளைத்தது?

'சாணி' என்று அந்தப் பையனைக் கூப்பிட்ட பிள்ளைகளைத் திட்டத்தான் எனக்கும் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். அந்த வகுப்பிலும் பாதிப் பேர் மாடு இருக்கும் வீட்டிலிருந்துதானே வந்திருப்பார்கள்? மாடு கேவலம், சாணி கேவலம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

நாம்தான். 'படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போவே' என்று திட்டாத வீடு உண்டா? மந்தமான பிள்ளையை 'எருமை மாடு' என்று சொல்லாத வகுப்பறை உண்டா? சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினராக மேடையில் நின்று, 'உங்கள் அப்பா அம்மா சேற்றில் கஷ்டப்படுவது நீங்கள் சேற்றில் இறங்காமல் இருக்கத்தான்' என்று நானே பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அன்று காலை மாட்டுக்கொட்டகையைக் கூட்டிவிட்டு வந்தார்களோ! வேளாண்மைத் துறையில் சம்பளம் வாங்குகிறவனே விவசாயத்தை அவமானமாகப் பேசினால், பிள்ளைகள் மூக்கைப் பொத்தத்தான் செய்யும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கிண்டல் செய்கிற பக்கம் இருந்தாலும் கவனியுங்கள். அடுத்தவர் புகார் சொல்லி வரும்போது 'எம்புள்ள அப்படியெல்லாம் செய்யாது' என்று முதல் வார்த்தையிலேயே மறுக்காதீர்கள். அடித்துத் திருத்தவும் பார்க்காதீர்கள். பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை அடிக்கலாம் என்பதைத்தான் அந்த அடி சொல்லிக் கொடுக்கும். 'அவன் இடத்துல நீ இருந்தா எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். அவன் கெடுத்ததை அவனே சரிசெய்யவேண்டும். உடைத்த பேனாவை வாங்கிக் கொடுக்கட்டும், பரப்பிய படத்தை அழிக்கட்டும். வேடிக்கை பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: சிரிக்காதே, முடிந்தால் அவன் பக்கத்தில் போய் உட்கார், டீச்சரிடம் சொல். கூட்டம் சிரிக்காவிட்டால் கிண்டல் செய்கிறவனுக்கு வேகம் குறைந்துவிடும்.

யாரிடம் கேட்பது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனதால் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. ஆசிரியரே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் நீங்கள் கேட்கலாம். அதே சட்டப்படி அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கழிவறைத் தாழ்ப்பாள், பஸ் நிறுத்தம், மதிய இடைவேளைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்தில் பேசலாம். உங்கள் ஊர்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

போன் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனம் சம்பந்தப்பட்ட ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். செல்போனில் படம் போட்டு மிரட்டினால் 1930. பிள்ளைகளும் தாங்களாகவே 1098க்குப் பேசலாம். இந்த எண்ணை அவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ஒன்றை மட்டும் வேளாண்மை அலுவலராகச் சொல்கிறேன். 'செத்துப்போயிடலாம்னு இருக்கு' என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலும், விளையாட்டுக்குச் சொல்கிறது என்று விடாதீர்கள். தனியாக விடாதீர்கள். அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நம் வீடுகளில் பூச்சிமருந்து பரண் மேலும் கதவு மூலையிலும் கிடக்கிறது. அப்படி வைக்கவே கூடாது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மீதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லாத வீட்டிலும் இதைச் செய்யுங்கள்.

அந்த அப்பாவுக்கு

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், நண்பரே.

மாட்டை விற்காதீர்கள். பால் பணம் போனால் வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதைவிட, மாட்டை விற்றால் உங்கள் மகன் என்ன புரிந்துகொள்வான்? அவர்கள் சொன்னது சரிதான், நம் வீட்டில் இருந்தது அசிங்கம்தான், அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான். அதோடு, தன்னால்தான் மாடு போயிற்று என்ற பாரமும் அவன் தலையில் ஏறும். நாளைக்கு வேறு ஒரு காரணத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தால் அப்போது எதை விற்பீர்கள்?

இன்றைக்குச் சாயங்காலம் அவனை மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கூட்டிக்கொண்டு போங்கள். 'அன்னைக்கு அடிச்சது என் தப்பு' என்று சொல்லுங்கள். அப்பா தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை குறையாது. பிறகு அவன் பேசுவதைக் கேளுங்கள். பள்ளிக்கு நீங்கள் வந்து பேசலாமா என்று அவனையே கேளுங்கள். மேலே சொன்ன அம்மா செய்த மாதிரி எழுத்தில் கொடுங்கள், தேதி வாங்குங்கள், அந்தத் தேதியில் போங்கள்.

காலை வேலையில் ஒரு மாற்றம் செய்யலாம். அவன் பங்கு வேலையைக் கொஞ்சம் முன்னால் முடித்துக்கொண்டு, குளித்து, சாப்பிட்டுப் பதறாமல் பஸ் ஏற நேரம் கொடுங்கள். பால் ஊற்றும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'நாத்தம் போகணும்னு குளி' என்று சொல்லாதீர்கள். படிக்கிற பிள்ளைக்குக் காலை நேரம் வேண்டும், அதற்காகத்தான் இந்த மாற்றம். வயிற்றுவலி இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் மறுபடி மருத்துவரிடம் காட்டி, பள்ளியில் நடப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பு காட்டியபோது அவருக்கு அது தெரியாது.

நிலக்கடலைக்கு: உங்களுடையது இரும்புச்சத்துக் குறைபாடு போலத் தெரிகிறது. சுண்ணாம்பு மண்ணிலும், தண்ணீர் அதிகமாக நிற்கும் இடத்திலும் இப்படி வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. யூரியாவை நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். பாய்ச்சும் தண்ணீரைக் குறையுங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் கொழுந்தில் பச்சை தெரியும். பையன் விஷயத்துக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டைப் பற்றியும் எனக்கு எழுதுங்கள். இந்தத் தடவை பின்பக்கத்தை முதலில் படிக்கிறேன்.